ஈரத் தலை

சத்யப்ரியா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பொத்தல் விழுகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். சண்டை போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான் அவள் புருஷன் வசந்த்.

"யோவ், இட்லி மூடி வெச்சிருக்குது, தின்னு. போன்ல எவனோ சொன்னான்னு விடியக்காலையில பச்சத் தண்ணிய தலையோட ஊத்திக்கினு வர்ற. சுறுசுறுப்பு வருதாம்! அந்தச் சுறுசுறுப்புல தலைகூட துவட்டாம தறியில குந்தின. தறியில இருந்த கல்யாணப் புடவை மேல சொட்டி, சிவப்புக் கரையோட சாயம் சந்தனப் பட்டுல இறங்கிடுச்சு. கேட்டா, 'உடம்புக்கு நல்லதுமா'ன்னு பல்லக் காட்டுற. கறையத் தேய்க்காத, இன்னும் பரவும்."

இன்னொரு புடவை கெட்டால் இவனுக்கு நெய்யப் பாவு நூல் தரமாட்டேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். பேனாவை மூடியவள் மறுபடி திறந்தாள்.

"நான் பெரிய காஞ்சிபுரம் போயி முதலாளியப் பாத்துட்டு வரேன். ஜரிகை எடுத்துக் குடுக்கறப்போ என் தலையில இருந்து சொட்டிடுச்சுன்னு சொல்லப்போறேன். அவரு வந்து கேட்டா நீ வாயத் தொறக்காத."

அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. உலர்ந்த துண்டு ஒன்றை அவன் உட்காரும் பலகையில் விரித்து, சீட்டை அதன்மேல் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாளைக்கும் பச்சத் தண்ணிதான்னா, மொட்டை அடிச்சிக்கினு வந்து தறியில குந்து."