உங்கள் அறைக் கதவு மேசையானது பற்றி

குவாலசேயோ,
ஞாயிறு, காலைப் பூசை முடிந்து.

அன்புள்ள மெல்ச்சோருக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் அறையில் இருந்தவர்கள்: உங்கள் அம்மா சொய்லா அத்தை, உங்கள் தம்பி எஃப்ராயின், தச்சர் லிசார்தோ, நம் மகள் நொயெமி, நான். சுவரில் மேகத்து மாதா படம். வாசற்படியில் நாய். வேறு யாரும் இல்லை. ஊரே கூடி என்னைக் கண்டித்ததாக எஃப்ராயின் போனில் சொல்லியிருப்பான். அதனால்தான் முதலிலேயே ஆளைக் கணக்கெடுத்து எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் சுகம். நொயெமிக்கு இருமல் விட்டது. மழை பிந்தினாலும் சோளம் முளைத்துவிட்டது. நியூயார்க்கில் குளிர் தொடங்கியிருக்கும். நான் பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி விஷயம். உங்கள் அறைக் கதவைக் கழற்றியது நான்தான். நொயெமியைத் திட்ட வேண்டாம், அவள் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் பெருக்குவதற்காக அத்தை பூட்டைத் திறந்துவிட்டுச் சந்தைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கீல்களைக் கழற்றிவிட்டேன். பூட்டை உடைக்கவில்லை. சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

அடுப்படி மேசையில் உட்கார்ந்து வேலை செய்தது போதும் என்றாகிவிட்டது. ரொட்டிக்கடை, தீவனக்கடை, லாரிக்காரர் சங்கம், எல்லார் வரவுசெலவும் இப்போது என்னிடம்தான் வருகிறது. கோவில் காணிக்கைக் கணக்கில் தொடங்கியது இது. கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாய்த் தட்டித் தட்டியே கற்றேன். ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் போட வேண்டும். மேசை உயரம், தோள் இரண்டும் காதில் போய் முட்டும். சோளம் வேகும் ஆவி திரையில் படியும். ஆகஸ்டில் ஒருநாள் சூப் கவிழ்ந்து கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தது. அதே நேரத்தில் வீட்டிலேயே நல்ல ஜன்னல் உள்ள அறை பூட்டிக் கிடந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, யாரும் உட்காராத நாற்காலிகள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரும் படுக்காத கட்டிலுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

மேசை வாங்க மனம் வரவில்லை. அந்த அறையில் நல்ல மரம் கதவுதான். திராட்சைக் கொத்து செதுக்கிய பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் மேலே. குளியலறைக்காக நீங்கள் வாங்கச் சொன்ன டைல்ஸ் பெட்டி பெட்டியாகக் கிடந்ததே, அதைத்தான் இரண்டு பக்கமும் அடுக்கிக் கால் ஆக்கினேன். அதிலொரு சௌகரியம், ஒவ்வொரு டைல்ஸாக வைத்தும் எடுத்தும் உயரம் பார்க்கலாம். முழங்கையை மடக்கினால் கை மேசைமேல் சும்மா கிடக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். ஜன்னலுக்கு எதிரே போட்டால் கண் கூசியது, முதுகைக் காட்டிப் போட்டால் திரையில் என் முகமே தெரிந்தது. ஜன்னல் இடப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டேன். பூட்டு இருந்த ஓட்டை வழியாக ஒயர்கள் கீழே போகின்றன. திரை கண்ணுக்கு நேராக வரவேண்டுமென்று சோளம் அளக்கும் மரப்பெட்டிமேல் வைத்தேன். கால் வைக்க ஒரு செங்கல், அதன்மேல் பழைய பொஞ்சோ மேலங்கியைச் சுற்றியிருக்கிறேன். ஆம், உங்களுடையதுதான். ஏற்கெனவே பூச்சி அரித்தது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் முதுகு வலிக்கவில்லை. மாதாவுக்கு நன்றி சொல்லி ஒரு ஜெபமாலை சொன்னேன்.

அத்தை நாலு நாள் பேசவில்லை. பிறகு எஃப்ராயின் லிசார்தோவைக் கூட்டிக்கொண்டு வந்தான், கதவை மறுபடி மாட்ட. "அண்ணி, இது அண்ணனோட ரூம். கதவு கதவா இருக்கணும்," என்றான். அத்தை, "நாளைக்கே எம்புள்ள வந்து நின்னா கதவில்லாத ரூமுலயா படுப்பான்?" என்றார். "வந்து நிக்கட்டும் அத்தை, திரைச்சீலை தைச்சு வெச்சிருக்கேன்," என்றேன். "நல்லா இருக்கு. அடுத்து கூரையப் பிரிச்சுக் கட்டில் பண்ணுவீங்களா?" என்றான் எஃப்ராயின். நொயெமி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்புதான், ஆனாலும் அவளைக் கிள்ளினேன்.

லிசார்தோ மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இதுமேல கணக்கெழுதப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்தத் திராட்சைய செதுக்கியே இருக்கமாட்டேனே, தாயி. எத்தனை நாள் வேலை தெரியுமா?" என்றார்.

"நீங்க தூக்குங்க மாஸ்டர்," என்றான் எஃப்ராயின். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்தேன். "என்னையும் சேர்த்துத் தூக்குங்க," என்றேன். லிசார்தோ காதைச் சொறிந்தார். எஃப்ராயினுக்குக் கோபம் தலைக்கேறியது. "அண்ணன் அங்க கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு ராப்பகலா உழைக்கிறாரு, நீங்க இங்க..." என்று தொடங்கியவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

நான் எந்தக் குழந்தை என்று கேட்கவில்லை. அத்தை முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. எஃப்ராயின்மேல் கோபம் இருந்தது. எனக்கு அது போதும். நொயெமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் நான் திரையைப் பார்த்துத் தீவனக்கடைக் கணக்கைத் தட்டத் தொடங்கினேன். தட்டும்போது மேசை ஆடியது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "லிசார்தோ, இது ஆடுதே. அடியில ஒரு சட்டம் அடிக்கமாட்டியா?" என்றார். "அம்மா," என்றான் எஃப்ராயின். "நீ பேசினது போதும், வாய மூடு," என்றார். லிசார்தோ திராட்சைக் கொத்துக்குக் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். அடிக்கும்போது அவருக்கு மனம் வலித்தது, பார்த்தேன். பிறகு அத்தை தன் அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மறுபடி என்னோடு பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆகவே, இனி அது கதவாகாது. மேசையை எடுக்கச் சொல்லிப் போன் செய்ய வேண்டாம், எடுக்கமாட்டேன். உங்களைத் தண்டிக்கச் செய்ததல்ல. அறை காலியாக இருந்தது, எனக்கு வேலை இருந்தது. நீங்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய அறை, மறுக்கவில்லை, வந்த ஒவ்வொரு டாலரும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வராத ஆளுக்காக நான் போர்வை மாற்றிய வருஷங்களை யாரும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. இன்டர்நெட் இணைப்பு என் பெயரில் வருகிறது. தெருப்பக்கம் மாட்ட ஒரு பலகையும் லிசார்தோவிடம் சொல்லியிருக்கிறேன்: "ரொசாவுரா தெனெசாகா, கணக்கு எழுதித் தரப்படும்."

இந்த முறை வாட்டிய கூய் இறைச்சியும் வறுத்த சோளமும் அனுப்பவில்லை. நேரமில்லை.

வருவதானால் எப்போது என்று எழுதுங்கள், கட்டிலின் பிளாஸ்டிக்கைப் பிரித்து வைக்கிறேன். வரப்போவதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எஃப்ராயினுக்கு அல்ல, அத்தைக்கு அல்ல, எனக்கு. நொயெமி கேட்கப் போகிறாள். அவளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் குளிர் முற்றுவதற்குள் கொடுத்துவிடுங்கள். நடந்ததில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை.

ஆண்டவர் உங்களையும் உங்களோடு ஒரே கூரையின் கீழ் உறங்குகிறவர்களையும் காக்கட்டும்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரொசாவுரா