நிலச் சட்டத்தன்று எடுத்த படம்

மணிலா

அன்புள்ள அப்பா,

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். ராணுவச் சட்டம் வந்து சிப்பாய்கள் உங்களைக் கொண்டுபோனதிலிருந்து, செனட்டரான உங்கள் படங்களை எல்லாம் அம்மா எரிக்கிறாள். படத்தில் உங்கள் பக்கத்தில் நின்றவர்களையும் பிடிக்கிறார்களாம்.

நிலச் சட்டம் நிறைவேறிய அன்று ஒரு குத்தகை விவசாயியோடு சிரிப்பீர்களே, அந்தப் படத்தை மட்டும் அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டேன். அவர் பெயரை எழுத மாட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா அந்த மனுஷனையும் தூக்கிருவாங்கடி. அப்பாவ மட்டும் வெட்டி எடுத்துக்கோ. யார் தோள்லயாவது கை போடாம ஒரு போட்டோவுக்கு நின்னிருக்காரா உங்கப்பா!"

வெட்டினேன். அவர் தோளோடு உங்கள் கையும் போய்விட்டது. கையில்லாத உங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே உங்களை என்ன செய்கிறார்களோ?

அதையும் நானே தீயில் போட்டேன். இப்போது வீட்டில் உங்கள் முகமே இல்லை. எனக்கு மறப்பதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் கடைக்குட்டி