மூன்றாவது பாட்டில் ருக்குவின் பெயர்

அல்சூர், பெங்களூர்
12-3-1966

அன்பு மகன் சந்தானத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், எனக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அப்பாவுக்குக் காதைத் தவிர வேறு குறை இல்லை. உனக்கு அந்தப் பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டு, வேளைக்குச் சோறு கிடைத்து, சளி கிளி பிடிக்காமல் இருக்க சோமேஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய பாட்டு ரெக்கார்டு கீறல் விழாமல் வந்து சேர்ந்தது. சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய், இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காரும்போதெல்லாம் கை வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரேசர் டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே ரெமிஜியஸ், அவர் படையலன்று பேட்டரியில் ஓடும் பாட்டுப் பெட்டியை நம் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. எட்டுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இரைச்சல் ஒரு பொட்டு இல்லை, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக வந்து விழுகிறது, உங்கள் பையன் தேறிவிட்டான் என்றார். தமிழ்ச் சங்கத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஜெயராமன் சாரும் வந்திருந்தார், இனி இந்தப் பாட்டை மல்லேஸ்வரத்துப் பெரிய வீடுகளிலும் போடுவார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிக்குத்தான் பிடிக்கவில்லை. முதலில் அட்டையில் உன் படத்தைப் பார்த்து அந்தக் கோட்டு யாருடையது என்று கேட்டாள். பிறகு குழாயடிச் சண்டைப் பாட்டு வந்தது. நீ மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைவோமே, அங்கே நாலைந்து பிடில் வாசிக்கிறார்கள், சண்டை போட வந்தவளுக்குச் சந்தனம் பூசி அனுப்பின மாதிரி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அப்பாவோடு மில்லில் தறி ஓட்டிய வெங்கடசாமி, குரல் தேன் மாதிரி இருக்கிறது, ஆனால் இவன் இருமுவானே, அதைக் காணோமே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் என்று இனிமேல் எழுதுகிறேன்.

ரெக்கார்டு வந்த மூன்றாம் நாள் ருக்குவின் படையல். உனக்குத் தெரியாததில்லை. உன் தங்கை கல்யாணம் ஆகாமல் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள், பூவாடைக்காரியாக வைத்து வருஷா வருஷம் பாவாடையும் பூவும் பரப்பிக் கும்பிடுகிறோம். பெயர் சொல்லி மூன்று முறை அழைத்தால்தான் அவள் இலைக்கு வருவாள், அழைத்த பிறகுதான் அப்பா கற்பூரம் ஏற்றுவார். நீ இங்கே இருந்தவரை டோலக்கைத் தட்டிக்கொண்டு நீ கட்டிய பாட்டிலேயே அவளைக் கூப்பிட்டாய், தெருப் பெண்கள் அத்தனை பேரும் ருக்கு ருக்கு என்று திருப்பிச் சொல்வோம். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் காதைக் கொடுத்த மனுஷனுக்கும் அது கேட்கும். அவள் போன நாளிலிருந்து அப்பா அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை, அந்தப் பாட்டில் கேட்பதோடு சரி. நீ பம்பாய் போன மூன்று வருஷமாக நாங்களே கரகரத்த தொண்டையில் பாடி ஒப்பேற்றினோம். இந்த வருஷம் யாரும் பாட வேண்டாம், அண்ணனே வந்து தங்கச்சியைக் கூப்பிடப் போகிறான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான்தான். படையலன்றுதான் முதன்முதலாகக் கேட்க வேண்டும் என்று உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

இலை போட்டு, பாவாடையை மடித்து வைத்து, ரெமிஜியஸ் முள்ளை வைத்தார். அவள் பாட்டு மூன்றாவது. அப்பா தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியோடு காதை ஒட்டி மண்டியிட்டிருந்தார். பாட்டு நல்ல பாட்டு, அதில் குறை இல்லை. ஆனால் ருக்கு என்று வர வேண்டிய இடத்தில் பூங்கொடியே என்று வந்தது. சரி, அடுத்ததில் வரும் என்றிருந்தேன், அங்கேயும் பூங்கொடியே. மூன்றாவதிலும் அதுதான், பின்னாலேயே பிடில் ஏறி இறங்கிப் பாட்டு முடிந்துவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா தலையைத் தூக்கி, "பேரு வந்துச்சா தனக்கோடி, எனக்குத்தான் கேக்கலியா" என்று கேட்டார். நான் அவர் காதருகே குனிந்து, "வந்துச்சு, மூணு தடவயும் வந்துச்சு" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினார். கூப்பிடாத பிள்ளைக்குச் சோறு வைத்தேன் சந்தானம். அன்று முழுக்க எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். ஆனால் ஐப்பசியில் நீ எழுதியிருந்தாய், கம்பெனிக்காரர்கள் பாட்டில் சில வார்த்தைகளை மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று. நானும் குழாயடிப் பாட்டில் இருக்கிற வசவைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, பெரியவர்கள் சொல்கிறபடி கேள், முரண்டு பிடிக்காதே, கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்று பதில் போட்டேன். எந்த வார்த்தை என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர் இருந்தால் ஊர் வாங்காது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம், அது அவர்கள் வியாபாரம். உனக்கு அந்த இடத்தில் வாய் எப்படி வந்தது என்றுதான் யோசிக்கிறேன். யோசித்துவிட்டு, நான்தானே கேள் என்று எழுதினேன் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அப்பா மறுநாள் காலையிலிருந்து பிரேசர் டவுனுக்கு நடந்து போக ஆரம்பித்துவிட்டார். மில்லுதான் என் காதைத் தின்றுவிட்டது, பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டும் கேட்கவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறார். ரெமிஜியஸ் வேலையை வைத்துவிட்டு அந்த மூன்றாவது பாட்டை மட்டும் அவருக்குப் போடுகிறார், சத்தத்தை எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைக்கிறார். அவரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், பூங்கொடியே வரும்போதெல்லாம் அப்பா தோளைத் தட்டி இதோ என்கிறாராம். ஒரு கிழவரை ஏமாற்றுகிறேன் அம்மா என்று அவரே என்னிடம் அழுதுவிட்டார். பாஞ்சாலிகூட வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அவள் வாயை மூடினால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். நேற்று அப்பா திரும்பி வந்து, கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்தது என்றார். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

இன்றும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், இன்றைக்கு நன்றாகக் கேட்டுவிடும் என்கிறார். நீ அவருக்கு உண்மையை எழுதிவிடாதே, ஜெயராமன் சார்தான் உன் கடிதங்களை அவர் காதில் உரக்கப் படித்துக் காட்டுகிறார், தெரு முழுக்கக் கேட்கும். ரயில் டிக்கெட் கிடைக்கிற நாளில் புறப்பட்டு வா. டோலக்கு வேண்டாம், பிடில் வேண்டாம், அப்பா காதோரம் உட்கார்ந்து அவளை மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போ. பாடி முடித்ததும் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். நீ இன்னும் பத்து ரெக்கார்டு பாடி, பெயரும் புகழுமாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வாதம் செய்கிறோம். வரும் தேதியை மறக்காமல் எழுது.

ருக்குவுக்கும் உனக்கும் அம்மா,
தனக்கோடி