பதினொரு ‘தெரியாது’

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது முதலில் கண்ணில் பட்டது உன் இடது கட்டைவிரலில் இருந்த பிளாஸ்திரிதான். என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். நீ பக்கத்து அறைக்காரரிடம், உன் சலவைக்கூட வேலைக்கு வரும் ஆஸ்பத்திரிப் போர்வையை மூலை பிசகாமல் மடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இருபது நிமிடம். அதற்குள் என் பஸ் நேரம் வந்துவிட்டது. வழியெல்லாம் அந்த விரல்தான் கண்ணில் நின்றது.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அம்மாவும் நானும். அம்மாவுக்கு இந்த மாதம் காலை ஷிப்ட். நீ அந்த இல்லத்துக்குப் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. குழாய் சொட்டுவதுதான் எனக்குப் பேச்சுத்துணை. ஆறு மாதத்தில் இரண்டே கடிதம் போட்டிருக்கிறாய். அதில் ஒன்று பஸ் நேர அட்டவணை.

நேற்று உங்கள் இல்லத்திலிருந்து மேல்மாடி அறைக்கான படிவம் வந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தனியே வாழ்ந்து பழக என்று மேலே அச்சடித்திருந்தார்கள். தனி அடுப்பு, தனிச் சாவி, உதவியாளர் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வருவாராம். வீட்டார் நிரப்ப வேண்டிய பக்கத்தை அம்மா என்னிடம் தள்ளிவிட்டாள். “அவனப் பத்தி என்னைவிட உனக்குத்தான் தெரியும், நீயே எழுதுடி” என்றாள். பதினான்கு கேள்வி. எழுதி இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். கீழே என்றால் எப்போதும் யாராவது கூட இருப்பார்கள், இல்லையா அண்ணா? மேலே போக என்ன அவசரம்?

விரல் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் பின்னாலேயே திரிந்த
வாலு

•

மார்ச் 14

வாலுவுக்கு,

விரல் ஆறிவிட்டது.

மேல்மாடி அறை எனக்குக் கிடைக்கவில்லை. பெயிண்டர் வேலை செய்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். பொறுப்பாளர் அம்மா தயங்கினார். எனக்கு இருபத்தாறு வயது, இது என்னைப் பற்றிய தாள், நான் படிக்கலாம் என்றேன். கொடுத்தார். உன் கையெழுத்து.

பதினான்கு கேள்வியில் பதினொன்றுக்கு ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறாய். சமைக்கத் தெரியாது. கடையில் பேசத் தெரியாது. காயம் பட்டால் என்ன செய்வது என்று தெரியாது.

வெங்காயம் நறுக்கினேன். கத்தி விரலில் பட்டது. குழாயில் கழுவினேன். துடைத்தேன். பிளாஸ்திரி ஒட்டினேன். மீதி வெங்காயத்தை நறுக்கினேன். முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் அதிகம்.

வீட்டில் நான் சமைத்ததில்லை. ‘செய்ததில்லை’ என்று எழுதியிருந்தால் உண்மை. ‘தெரியாது’ பொய்.

ஏன் பொய் எழுதினாய்?

அண்ணன்

•

மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

பொய் என்று சொல்லாதே. பயத்தில் எழுதினேன். உன் விரலைப் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் வேறு என்ன வரும்? நீ அடுப்புப் பக்கம் போனாலே ஓடி வந்து அணைத்தவள் நான். கடைக்காரர் “தம்பிக்கு என்ன வேணும்?” என்றால், நீ வார்த்தையைத் தேடுவதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்க்கக் கூடாதே என்றுதான்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் உனக்காகத்தானே? அதை ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் பேசுகிறேன். கோபப்படாதே.

வாலு

•

மார்ச் 20

வாலுவுக்கு,

நினைத்துப் பார்த்தேன். நேற்று முழுவதும். பள்ளிக்கூடத்தை விடச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை.

கடையில் எனக்கு வார்த்தை வரப் பதினைந்து நொடி ஆகும். இங்கே உதவியாளர் பக்கத்தில் பேசாமல் நிற்பார். வார்த்தை வரும். உன்னோடு போனபோது ஒருமுறைகூடப் பதினைந்து நொடி கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கோபம் இருக்கிறது. போனதும் கூப்பிடுகிறேன். எப்போது போகும் என்று தெரியாது. இது நிஜமான தெரியாது.

அண்ணன்

•

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

பதில் கேட்டு இதை எழுதவில்லை.

உனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றது இன்னொரு பொய். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தையே வெளியே வராது. “என்ன, நாக்க வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்பார் டீச்சர். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருஷம்தான் அம்மா வேலைக்குப் போக வேண்டி வந்தது. அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்காக வாய் திறக்க வராத நான், உனக்காக என்றால் யாரிடமும் பேசினேன். நீயே பேசிவிட்டால் எனக்கு என்ன வேலை? படிவத்தில் எழுதும்போது இது எனக்குக் கொஞ்சம் தெரிந்தே இருந்தது. விரல் ஒரு சாக்கு.

போன புதன்கிழமை, நீ சலவைக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து, பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைதானே வராதே என்றாய். புதனும் தப்பென்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

“என்னம்மா விஷயம்?” என்றார். எனக்கு வார்த்தை வர ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார்.

“அதெல்லாம் அவனுக்குத் தெரியாததில்லீங்க. நான் விடாதது” என்றேன்.

படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பதினொரு இடத்திலும் அடித்துவிட்டு ‘நான் விட்டதில்லை’ என்று எழுதினேன். “இத அவர்கிட்டயே கேட்டிருக்கணும்மா. எங்க தப்புந்தான்” என்றார். இனிமேல் உன்னையே நிரப்பச் சொல்வார்களாம். ஆனால் மேலே இருப்பது அந்த ஒரே அறை. பெயிண்டர் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை என்னால் அடித்து எழுத முடியவில்லை, அண்ணா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கால் தானாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டது. உன் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, “என்ன பாப்பா, ரொம்ப நாளா ஞாயித்துக்கிழமைல ஆளயே காணோம்? அண்ணன் சௌக்கியமா? ஏறு ஏறு” என்றார்.

“இல்லண்ணே. அவன் இன்னும் கூப்பிடல” என்றேன்.

அவர் கதவை மூடினார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

வாலு