சிவப்பு வளையம் போட்ட திருப்புளி

இன்று ஆசிரியர் அறையில், புதிதாக வந்திருக்கும் ஆங்கில ஆசிரியை மேசைக்குக் கீழே கையை மறைத்துக்கொண்டு நகப்பூச்சுப் போட்டாள். பின்னேரம் அவளுக்கு ஒரு கலியாண வீடு. அந்த மணம் வந்ததும் நான் விடைத்தாள்களிலிருந்து நிமிர்ந்துவிட்டேன். "மணக்குதா மிஸ்?" என்று பயந்துபோய்க் கேட்டாள். இல்லை என்றேன். நகப்பூச்சு மணத்தில் திருப்புளி ஞாபகம் வருகிற பெண் கல்லடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதை விளங்கப்படுத்த அவளுக்கு ஒரு பாடவேளை போதாது.

உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். போனவர்களுக்கு நாங்கள் சொல்வது கேட்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் செய்தியை வேறு யாரிடம் சொன்னாலும் பாதி வீணாகிவிடும். நான் வென்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளைகளையும் போல நீங்களும் கலியாணம் முடித்து என் வீட்டுக்குத்தான் குடிவந்தீர்கள். பெரியகல்லாற்றிலிருந்து ஓர் உடுப்புப் பெட்டி, அதற்கு மேலே ஒரு பெரிய பிஸ்கட் தகரம். பலகாரம் என்று நினைத்து அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்கத் திருப்புளிகள். "இதென்ன தம்பி, மாப்பிள தாற சீதனமா?" என்று அம்மா கேட்க, நீங்கள் வெட்கப்படாமல் "ஓம் மாமி, கறள் பிடிக்காம வெச்சிருக்கன்" என்றீர்கள்.

கிணற்றடிக்குப் பக்கத்தில் நெல்மூடை அடுக்குகிற கொட்டில் அன்றிலிருந்து உங்களுடையதானது. கந்தோர் வேலை முடிந்து வந்து சாரத்தைக் கட்டினால் அதற்குள்தான். பழைய கதவொன்றைச் சுவரில் சாத்தி, ஆணி அடித்து, திருப்புளிகளை வரிசையாகத் தொங்கவிட்டீர்கள். அந்த வரிசையில்தான் எங்கள் முதல் சண்டை தொடங்கியது. நீங்கள் அவற்றை வந்த இடத்தின்படி தொங்கவிட்டிருந்தீர்கள். காத்தான்குடிப் பழைய சாமான் கடை வரிசை, கொழும்பு வரிசை, உங்கள் ஐயா தந்த வரிசை. தட்டை வாயும் நட்சத்திர வாயும் பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தன.

"இது என்ன ஒழுங்கு?" என்று கேட்டேன்.

"ஊர் ஊரா இருக்கட்டும். சொந்தக்காரரைப் பிரிக்கப்படாது."

"தேவைக்கு எடுக்கக்குள்ள ஊர் விசாரிச்சுக்கொண்டு நிற்க ஏலுமா? வாயைப் பாத்து, அளவைப் பாத்துத்தான் தொங்கவிடணும்."

"எனக்குக் கைக்கு வருகுதே, டீச்சர்."

"எனக்கு வரல்லயே."

இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சண்டை முடியவில்லை. நீங்கள் கந்தோருக்குப் போன நேரத்தில் நான் மாற்றி வைப்பேன். பின்னேரம் நீங்கள் பழையபடி மாற்றுவீர்கள்.

நீங்கள் யார் என்ன சொன்னாலும் நம்புகிறவர். நான் ஒன்றையும் நம்பாதவள். ஒருநாள் காத்தான்குடியிலிருந்து ஜப்பான் எழுத்துப் போட்ட மூன்று நட்சத்திரத் திருப்புளிகளோடு வந்தீர்கள். ஜப்பான் மெசின்களின் திருகாணிக்கு ஜப்பான் திருப்புளிதான் பொருந்தும், மற்றது வழுக்கி ஆணித் தலையைத் தின்றுவிடும் என்று கடைக்கார நானா சொன்னாராம். அப்படிப்பட்ட ஆணித் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்குமாம்.

"அவர் விக்கிறவர். வேற என்ன சொல்லுவார்?" என்றேன்.

"அப்ப நீங்களே பாருங்க."

பார்த்தேன். நீங்கள் கழற்றிப்போட்ட பழைய மோட்டார் சைக்கிள் மூடியில் புள்ளி வைத்த ஆணிகள் இருந்தன. ஒன்றைச் சாதாரணத் திருப்புளியால் திருப்பினேன். வாய் மேலே ஏறி வழுக்கியது. அடுத்ததை ஜப்பான் திருப்புளியால் திருப்பினேன். அசைந்தது. ரெண்டு ஆணியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்த மூடி முழுவதையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றினேன். நீங்கள் வாங்குப் பலகையில் இருந்தபடி கொட்டாவி விட்டீர்கள். கடைசியில் "ஓம், உண்மைதான்" என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க. சரியாக் கேக்கல்ல" என்றீர்கள். நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் பட்டணத்தில் ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கிவந்து, அந்த மூன்றின் பிடியிலும் ஒவ்வொரு வளையம் போட்டேன். என் நகம் ஒருநாளும் பூச்சுக் கண்டதில்லை. "ஸ்குறு ட்றைவருக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த அண்ணனிடம்தான், என் அத்தானிடம்தான், இப்போது வருகிறேன்.

உங்கள் முதலாம் வருட ஆட்டைத்திதி முடிந்து, சாப்பிட்ட வாழையிலை எடுத்த கையோடு அத்தான் கொட்டில் வாசலில் வந்து நின்றார். கனநேரம் உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "வீடு வளவு உங்கட. அதில நாங்க வாய் வைக்க ஒண்ணா. ஆனா ஆம்பிளச் சாமான் ஆம்பிளப் பக்கத்துக்குத்தான் வரணும் புள்ள. நீங்க இதுகள வெச்சு என்ன செய்யப்போறீங்க? கறள் பிடிச்சுப் போயிரும்."

அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் கைபட்டது வேண்டும் என்று நினைத்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. "யோசிச்சுச் சொல்றன்" என்றேன். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பள்ளி விடுமுறையில் கதவிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் பரப்பினேன். உப்புக்காற்றில் ஓரங்களில் கறள் ஏறத்தான் தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்தேன், மெசின் எண்ணெய் பூசினேன். பிறகு முதல் தடவையாக, மாற்றி வைக்க ஆளில்லாத நிலையில், என் ஒழுங்கில் தொங்கவிட்டேன். தட்டை வாய் இடப்பக்கம், நட்சத்திர வாய் வலப்பக்கம், பெரிதிலிருந்து சிறிது. சிவப்பு வளையம் மூன்றும் கண்ணுக்கு நேரே. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. சண்டை பிடிக்க ஒருத்தரும் வராததுதான் சரியாக இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை அத்தான் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கினார். கையில் வெறும் சாக்குகள். நான் ஓம் சொன்ன சாமான்களை அள்ளிப்போக. பின்பெட்டியில் அவருடைய பழைய ஜப்பான் தண்ணீர் இறைக்கிற மெசினும் கிடந்தது.

"வயல் வட்டைக்குள்ள பயிர் கதிர் தள்ளப்போகுது. இண்டைக்கெண்டாலும் தண்ணி காட்டணும்," என்றார். "இந்தச் சனியன் அசையுதில்ல. கராச்சுக்காரன் திங்கக்கிழமை வா எண்டுட்டான். சாமான் எடுக்க வந்த இடத்தில இதையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

கிணற்றடியில் மெசினை இறக்கினார். கொட்டிலுக்குள் போய், பார்வைக்குப் பலமாகத் தெரிந்த நட்சத்திரத் திருப்புளியை எடுத்துவந்தார். கார்பரேட்டர் மூடியில் நாலு ஆணி. முதலாவதில் வைத்து முறுக்கினார். கிறீச் என்று வழுக்கியது. "ஆணி சரியில்ல" என்றார். திரும்பவும் முறுக்கினார். தலையிலிருந்த சிலுவைக்குழி வட்டமாகிப்போனது. திருப்புளி இரண்டாவது ஆணிக்குப் போனது.

"அத்தான், கைய எடுங்க."

அந்தக் குரலில் நான் அவரோடு ஒருநாளும் பேசினதில்லை. அவர் கையை எடுத்தார்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். புள்ளி இருந்தது. ஜப்பான் ஆணி. எழும்பிக் கொட்டிலுக்குள் போனேன். தேடவில்லை. ஊர் விசாரிக்கவில்லை. கை நேரே சிவப்பு வளையத்துக்குப் போனது. அந்த இடத்திலேயே உங்களைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது.

ஆணிகளுக்கு ஒவ்வொரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, தலையில் மெதுவாகத் தட்டினேன். எண்ணெய் இறங்கட்டும் என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "தேத்தண்ணி குடிச்சாக் கழருமா?" என்று அத்தான் நக்கலடித்தார். "நீங்க குடிங்க, அது கழரும்" என்றேன். பிறகு முழங்கால் ஊன்றி இருந்து, உடம்புப் பாரம் முழுவதையும் பிடியில் வைத்தேன். "அமத்துறது முக்கால், திருப்புறது கால்" என்று நீங்கள் சொல்வீர்களே, அப்படி. இடப்பக்கம் திருப்பினேன். டிக் என்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்காகத்தான் நீங்கள் அத்தனை பின்னேரங்களும் அந்தக் கொட்டிலில் இருந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூன்று ஆணியும் வந்தன. அத்தான் தலையைத் தின்ற முதலாவதற்கு, இரும்பு அறுக்கிற வாள் பிளேட்டால் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு, இடப்பக்க வரிசையில் அகலமான தட்டையை எடுத்துத் திருப்பினேன். அதுவும் வந்தது. உள்ளே எண்ணெய் வருகிற துளை மண்டியால் அடைத்திருந்தது. தும்புக்கட்டை விளக்குமாற்றில் ஒரு தும்பை உருவி விட்டுக் குத்தி, ஊதி, மூடினேன். தலை போன ஆணிக்குப் பதில் உங்கள் தகரத்திலிருந்து புது ஆணி.

குழாயைக் கிணற்றுக்குள் விட்டு அத்தான் கயிற்றை இழுத்தார். முதல் இழுவைக்கு இருமியது. இரண்டாவதுக்குப் பிடித்தது. தண்ணீர் பீறி வளவு முழுக்கப் பாய்ந்தது. கோழிகள் சிதறி ஓடின. லேண்ட்மாஸ்டர் சில்லைச் சுற்றிக் குளமாகியது. நான் செருப்பு நனைய நடுவில் நின்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"ஆர் காட்டித் தந்தது புள்ள?" என்று அத்தான் கேட்டார்.

"ஒருத்தரும் காட்டித்தரல்ல. நாங்க ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுக் கண்டுபிடிச்சது."

அவர் மெசினை நிறுத்தினார். பிறகு சாக்குகளை மடித்துக் கக்கத்துக்குள் வைத்தார். "எண்ட வீட்டில வைக்க இடமும் இல்ல. இதுகள் இஞ்சயே கிடக்கட்டும்" என்றார். தானே பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பது போன்ற முகம். நானும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். எடுத்த திருப்புளியைத் தொங்கவிட்டுப் போனார். பிழையான இடத்தில்தான். போனபிறகு மாற்றி வைத்தேன்.

அடுத்த கிழமை அவர் ஒரு மின்விசிறியை அனுப்பினார். அதற்குப் பிறகு பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தையல் மெசின் வந்தது. "தம்பியிட கொட்டிலுக்குக் கொண்டுபோங்க" என்று முதலில் சொல்லி அனுப்பிய அத்தான், இப்போது "புள்ளயிட கொட்டில்" என்கிறாராம்.

ஆகவே என் ஒழுங்குதான் சரி. இதை ஒரு தடவைதான் சொல்வேன். ஒன்றை மட்டும் மறைக்கமாட்டேன்: வாய் உடைந்த மரப்பிடித் திருப்புளி, உங்கள் ஐயா தந்தது, எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை. ஒன்றையும் திருப்பாத அதைக் கதவின் உச்சியில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் ஒழுங்கில், ஊர்ப்படி.

சிவப்பு வளையம் மூன்றில் சின்னது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பள்ளி ஆய்வுகூடத்தில் ஏதாவது இறுகிக் கிடந்தால் என்னைத்தான் தேடுகிறார்கள். அடிக்கடி எடுத்து எடுத்து வளையம் உரிந்துபோயிருந்தது. இன்று வரும் வழியில் ஒரு நகப்பூச்சு வாங்கினேன். கடைப் பிள்ளை "கலியாண வீடா மிஸ்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கிணற்றடியில் இருந்து வளையத்தைப் புதிதாகப் போட்டேன். கை கொஞ்சம் அசைந்து, என் சுட்டுவிரல் நகத்திலும் பூச்சுப் பட்டுவிட்டது. துடைக்கப் பழந்துணி பக்கத்திலேயே இருந்தது. துடைக்கவில்லை. நாளைக்கு ஆசிரியர் அறையில் அந்தப் புது ஆசிரியை பார்த்துவிட்டுக் கேட்டால் கேட்கட்டும்.