ஒரு விரல் புகாத பிடி

இராயபுரம்,
12-8-1931

பிரியமுள்ள வியாகுலத்துக்கு, தேவமாதா துணையால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் இருமல் நின்றதா?

கிளப்பில் துரைமாரோடு டென்னிஸ் ஆடிக்கொடுக்கும் வேலை நன்றாகவே போகிறது. முழங்கையில் மட்டும் சின்ன வலி. அதற்குக் காரணம் என்னோடு வேலை செய்யும் வரதன்தான் என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் அவனாகவே வந்து ஒரு மட்டை கொடுத்தான். கேட்காமல் யார் கொடுப்பார்கள்? அதன் பிடி ஒல்லி. நழுவாமலிருக்க இறுக்கி இறுக்கியே கை நோகிறது. நான் படுத்துவிட்டால் என் இடத்தில் அவன் மச்சானைச் சேர்க்கலாமே!

நேற்று கேட்டேவிட்டேன். “இன்னா அண்ணாத்தே, பிடிய புடிச்சா விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு விரல் பூரணும். உனுக்குப் பூரல. துணி சுத்து, சரியாப்பூடும்” என்றான். இவ்வளவு தெரிந்தவன் முதலிலேயே ஏன் சொல்லவில்லை?

உன் பழைய நீலச் சேலையின் கரையைக் கிழித்து அனுப்பு. இங்கே துணி கிடைக்காமல் இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. கைக்குச் சும்மா ஓய்வு கொடுத்திருக்கிறேன். எழுதுவது வரதன்தான், நாங்கள் தங்கியிருக்கும் அறையில் வேறு யாருக்கும் எழுதத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறான் என்பதை அப்படியே எழுதிப் பதில் போடு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
மிக்கேல்

அண்ணி, ஒரு வார்த்தகூட வுடாம எழுதிக்கீறேன். எனுக்கு மச்சானே கெடையாது. சேலக் கரைய சீக்கிரம் அனுப்பு. அண்ணாத்தைக்குக் கை மடங்கல. மூணு நாளா நான்தான் சோறு ஊட்டிக்கினு கீறேன்.