கலங்கரை விளக்கமும் கிளம்பிப்போன பஸ்ஸும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மாவும் நன்றாக இருக்கிறாள், அவள் நலத்தைத்தான் மணிக்கணக்காகப் போனில் சொல்லியிருக்கிறாளே. என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் நீ டூர் ஆபீசுக்குப் போன் போட்டு, மலைப் பயணத்துக்கு நான் சொல்லி வைத்திருந்த இரண்டு சீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நேரில் போய்க் கேட்டால் ஆபீஸ்காரர், "உங்க பொண்ணு சொல்லிட்டாங்க சார், வயசானவங்க, இனிமே அனுப்ப வேண்டாம்னு" என்கிறார். அங்கே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓட்டின பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஆள் அந்த ஆபீஸ்காரர். சரி, அதை விடு. கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. இந்தக் கவரில் ஒரு படம் இருக்கும். முழுவதும் படித்துவிட்டு எடுத்துப் பார். இந்நேரம் எடுத்திருப்பாய், உன்னைத் தெரியாதா, திரும்ப உள்ளே வை.

நான் எடுக்கிற படங்களைப் பார்த்து, "என்னப்பா, எதை எடுத்தாலும் அம்மா முதுகுதான் இருக்கு, இடம் எங்கேயோ தூரத்துல கிடக்கு" என்று நீ சிரித்ததை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை கேமராவைக் கொடுத்தாரே தவிர எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லித் தரவில்லை. நானே அமுக்கி அமுக்கிக் கற்றுக்கொண்டேன். பஸ் ஓட்டவும் என்னை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, வண்டி கழுவப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். வேலையில் இருந்தவரை எத்தனையோ பேரை எத்தனையோ நல்ல இடங்களில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், போகும்போது ஒரு இடத்தையும் நான் பார்த்ததில்லை, கண் சாலையில் இருக்கும். கிளம்பும்போது பக்கக் கண்ணாடியில் தெரியும். பாலமோ கோட்டையோ அந்தக் கண்ணாடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வரும், அப்போதுதான் அட, இவ்வளவு அழகான இடத்துக்கா வந்திருந்தோம் என்று தோன்றும். அதனால் போய் இறங்கினதும் படம் எடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எல்லோரும் பார்த்து முடித்துத் திரும்பும்போது நான் முன்னால் போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று திரும்பி எடுப்பேன். நான் கேமராவைத் தூக்கினால் உன் அம்மாவும் நான் எதைப் பார்க்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பாள், முதுகு விழுந்துவிடும். இதில் என் தப்பு என்ன இருக்கிறது? "ஒரு தடவையாவது என் மூஞ்சி தெரியற மாதிரி எடுங்களேன், நான் வந்தேன்னு பொண்ணு எப்படி நம்புவா" என்று இப்போது டூர் பஸ்ஸில் போய்வந்த கடலோரப் பயணத்தில் வழியெல்லாம் முனகினாள். உன்னைத்தான் வீட்டிலேயே பார்க்கிறேனே, இடத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் குறைந்தது.

இப்போது கலங்கரை விளக்கத்தில் நடந்ததை நான் சொல்கிறபடி கேள். பஸ்ஸின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் கிளம்பு, இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. இந்தப் பயணத்தில் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஏறினதும் நான் பின்பக்கம் சுற்றிப் பார்த்து, குறுக்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பின்வாசலில் ஏறிக்கொள்வேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன், கை சும்மா இருக்காது. ஓட்டுகிற தம்பிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு என் தட்டு விழாமல் கியர் போட மாட்டான். அன்றைக்கும் எல்லோரும் ஏறியாயிற்று, உன் அம்மாவும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் பார்த்தேன், தட்டினேன். தட்டின அதே நேரம் மேகம் விலகி அந்தக் கோபுரத்தின் மேல் வெயில் விழுந்தது பார், வெள்ளைச் சுவர் முழுக்கப் பளீரென்று, பின்னால் கடல் கருநீலமாக! ஒரு நிமிஷம் இருப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கேமராவோடு பின்னால் நடந்தேன். மனதுக்குள் சொன்னது வண்டிக்குக் கேட்குமா, அது கிளம்பிவிட்டது. தட்டினது நீங்கள்தானே என்பாய். ஆமாம், நான்தான். தட்டினவன் ஏறினானா என்று பார்ப்பது தட்டினவன் வேலையா? தலையை எண்ண வேண்டிய கைடு யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். இதை உன் அம்மா உன்னிடம் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள்.

அங்கே சாலை நேராகப் போகாது, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகும். வளைவில் பஸ் திரும்பும்போது உன் அம்மா என்னைக் கண்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு வந்துவிட்டது, ஒரு கை ஆடுகிறது, வாய் திறந்திருக்கிறது, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான். நான் கேமராவைத் தூக்கினேன். இதுதான் அவள் உன்னிடம் சொன்ன குற்றம், "பஸ் போகுது, பொண்டாட்டி கத்துறா, மனுஷன் அசையாம நின்னு போட்டோ புடிக்கிறாரு." உண்மைதான். பஸ்ஸைத் துரத்தி யாராவது பிடித்திருக்கிறார்களா, என் காலத்தில் என்னைத் துரத்தினவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கினதுதான் மிச்சம். எப்படியும் நிற்கும் என்று எனக்குத் தெரியும், நின்றது. அந்தச் சாலையில் வண்டியைத் திருப்ப இடமில்லை, ரிவர்ஸிலேயே வர வேண்டும், அந்தத் தம்பி பயந்துவிட்டான். நான்தான் கடல் பக்கமாக நின்று கை காட்டி, வரலாம், வரலாம், ஸ்டியரிங்கை ஒடி, நேரா விடு என்று வளைவு முழுக்கக் கொண்டுவந்து சேர்த்தேன். என்னை ஏற்றிக்கொள்ள வந்த வண்டியை நானே ஓரம் கட்ட வேண்டியிருந்தது. ஏறினதும் கைடு, "பெரியவரே, உங்களால எல்லாருக்கும் லேட்" என்றார். உன் அம்மா எழுந்து போய், எங்களோடு பயணம் வந்த பல் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீடு வந்து சேரும்வரை அங்கேதான். வந்ததும், "இனி இந்த ஆளோட தெருமுனைக்குக்கூட வர மாட்டேன்" என்று உனக்குப் போன் போட்டாள். மற்றதை நீ பார்த்துக்கொண்டாய்.

நேற்று ஸ்டூடியோவில் போய்ப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தேன். ஸ்டூடியோக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு சார் இது, என்னமா வந்திருக்கு" என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். உன் அம்மா தட்டு வைக்க வந்தவள், தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து மறுபடியும் பார்த்தாள். கோபுரம், கடல், பஸ், பஸ்ஸிலிருந்து அவள், முகம் முழுக்கத் தெரிகிறது, ஒரு மயிரிழை கலங்கவில்லை. "இவ்வளவு பதறிப்போய் ஒரு ஆளைத் தேடியிருக்கேனே, அந்த ஆளு நீங்கதானா?" என்றாள். நான்தான் என்றேன். "தேடினதுக்கு லட்சணமா ஒரு ஆளா இருந்திருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாப்பா, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எவ்வளவோ படம் எடுத்திருக்கிறேன், விட்டுவிட்டுப் போகிறவனாக நின்றுதான் எடுத்திருக்கிறேன். விட்டுவிடப்பட்டவனாக நின்று எடுத்தது இது ஒன்றுதான், இதுதான் சரியாக வந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், தூக்கம் வரவில்லை.

ஆகவே கேட்டுக்கொள். அவள் மலைக்கு வருகிறாள். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், இந்தத் தடவை கேமரா அவள் கையில், போய் இறங்கினதும் எடுப்பாள், நேராக முன்னால் நின்று எடுப்பாள், படத்தில் நான் நிற்க வேண்டும், சிரிக்கவும் வேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நீ நாளைக்கே டூர் ஆபீசுக்குப் போன் போட்டு அந்த இரண்டு சீட்டையும் திரும்பக் கேள். நீதான் கலைத்தாய், நீதான் சேர்க்க வேண்டும். முடியாது என்றால் சாதாரண பஸ்ஸில் மாறி மாறிப் போவோம், எனக்குத் தெரியாத வழியா.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, உட்காரும்போது நாற்காலியின் முதுகோடு ஒட்டி உட்காரச் சொல், நுனியில் உட்காருகிறார், போனில் பார்த்தேன். நீ வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, மனம் நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். சீட்டை மறந்துவிடாதே, ஜன்னலோரம் அவளுக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரில் கேமராவோடு வந்து நின்றுகொண்டு, "நிமிருங்க, இங்க பாருங்க" என்கிறாள். பழகிப் பார்க்கிறாளாம். பொத்தானில் கை வைப்பதற்குப் பதிலாக லென்ஸ் கண்ணாடியில் வைத்திருக்கிறாள், சொல்லித் தர மாட்டேன், தானாகக் கற்றுக்கொள்ளட்டும். நான் நிமிரவில்லை. அப்படி ஏதாவது படம் வந்து சேர்ந்து, அதில் நான் சிரிக்கிற மாதிரி இருந்தால், அது வெளிச்சத்தின் கோளாறு என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் தீராத,
அப்பா